அந்தமானா, இலட்சத்தீவா?

விடுமுறை என்றதும் உதகையும் கொடைக்கானலும் வேளாங்கண்ணியும் மட்டுமே நம் குடும்பங்களின் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. புளிசாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு இரவு வண்டியில் ஏறினால், விடிந்ததும் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்துவிடலாம். இன்றோ, படிப்பை முடித்து வேலையில் அமர்ந்த பிள்ளைகள், கையில் நாலு காசு சேர்ந்தவுடனே தீவுப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். வெண்மணலும் பச்சை நீலக் கடலும் சாய்ந்த தென்னையுமாகப் படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. பெற்றோரும் தம்பி தங்கையரும் கூடியமர்ந்து, "அந்தமான் போகலாமா, இலட்சத்தீவு போகலாமா?" என்று விவாதிக்கின்ற வீடுகள் எம் பங்கிலேயே பல உண்டு. 2024 ஜனவரியில் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்று வந்த பின்னர் இவ்வினா இன்னும் கூடுதலாகக் கேட்கப்படுகின்றது.

படத்தைப் பார்த்து முடிவு செய்வதாயின், நாணயத்தைச் சுண்டிவிட்டே முடிவு செய்துவிடலாம். ஏனெனில் படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. நேரில் அவை ஒன்றல்ல. ஒன்று வங்கக் கடலில் உள்ளது. மற்றொன்று அரபிக் கடலில் உள்ளது. ஒன்று மலை, மற்றொன்று பவளம். இந்தப் பிறப்பு வேற்றுமையைப் புரிந்துகொண்டால், எங்கே எத்தகைய துணிவுச் செயல்களுக்கு இடமுண்டு, எங்கே எத்தகைய ஆபத்து காத்திருக்கின்றது, எந்த மாதத்தில் எங்கே போகலாகாது என்பனவெல்லாம் தாமே விளங்கும்.

மலையின் முகடும் பவளத்தின் விளிம்பும்

மியான்மர் நாட்டின் மேற்கே வடக்குத் தெற்காக ஓடும் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கு நோக்கிச் செல்கின்றது. அம்மலைத்தொடரின் முகடுகள் நீருக்கு மேல் தலைநீட்டும் இடங்களே அந்தமான் தீவுகள். ஆகவே அங்கே குன்றுகள் உண்டு, ஓடைகள் உண்டு, பகலிலும் வெயில் நுழையாத மழைக்காடுகள் உண்டு, கழிமுகங்களில் அலையாத்திக் காடுகள் உண்டு. நிக்கோபாரையும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இவற்றுள் மக்கள் வாழ்பவை முப்பதுக்குச் சற்றே மேற்பட்டவைதாம். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. போர்ட் பிளேயர் நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. எனினும் பழைய பெயரைச் சொன்னால்தான் நம்மவர்க்கு இடம் தெரிகின்றது.

இலட்சத்தீவின் கதை முற்றிலும் வேறு. பெயரில்தான் இலட்சம், நெடுங்காலமாகக் கணக்கில் எழுதப்பட்டு வந்தவை 36 தீவுகளே. அவற்றுள்ளும் மக்கள் வாழ்பவை பத்து மட்டுமே. எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு! அந்தச் சிறு நிலத்தில் 2011 இல் 64,473 பேர் வாழ்ந்தனர். ஆதியில் எரிமலைகளாக எழுந்து பின்னர் மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்த மலைகளின் மீது, பவளப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய சுண்ணாம்பு வளையங்களே இத்தீவுகளுக்கு அடித்தளம். மலை அமிழ அமிழப் பவளம் ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்கின்றது. இறுதியில் மலை மறைந்து வளையம் மட்டும் எஞ்சுகின்றது. பவளத் தீவுகள் இவ்வாறு தோன்றுவதை 1842 இல் சார்லஸ் டார்வின் விளக்கி நூல் எழுதினார். அவ்வளையத்தின் கிழக்கு விளிம்பில் மணல் சேர்ந்து தீவாகியிருக்கின்றது. மேற்கே, பவளச் சுவருக்குள் அடைபட்டு ஆழமற்ற காயல் கிடக்கின்றது. ஆங்கிலத்தில் லகூன் என்பது இதுவே. கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். மலையுமில்லை, ஆறுமில்லை, தென்னையும் மணலும் நீருமே உண்டு.

எனவே, நடக்கவும் ஏறவும் காட்டைக் காணவும் விரும்புவோர்க்கு அந்தமான். நீரிலேயே கிடந்து நீரையே கற்க விரும்புவோர்க்கு இலட்சத்தீவு. இந்த ஒரு வாக்கியத்தில் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதிதான் கடினமானது.

அந்தமானில் என்ன செய்யலாம்?

பெரும்பாலோர் போர்ட் பிளேயரில் இறங்கிச் சிறைச்சாலையைப் பார்த்து, மறுநாள் ஹேவ்லாக் தீவுக்குப் படகேறி, அங்கிருந்து நீல் தீவைத் தொட்டுத் திரும்பிவிடுகின்றனர். (2018 டிசம்பரில் இவ்விரண்டுக்கும் முறையே சுவராஜ் தீவு, சாகித் தீவு எனப் பெயரிடப்பட்டது.) 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறைச்சாலையை ஒருமுறை அமைதியாகச் சுற்றி வராமல் அந்தமானிலிருந்து திரும்பலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துணிவுப் பயணம் என்று புறப்பட்டவர்கள் இந்த மூன்றோடு நின்றுவிட்டால், மதுரைக்குப் போய் இரயில் நிலையத்தைப் பார்த்துத் திரும்பியதற்கு ஒப்பாகும்.

வடக்கே செல்ல வேண்டும். போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் டிக்லிப்பூர் உள்ளது. அங்கே 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம், அந்தமான் தீவுகளிலேயே உயர்ந்தது. கொடைக்கானலைக் கண்டவர்க்கு இவ்வுயரம் சிறியதாகத் தோன்றும். ஆனால் இங்கே ஏற்றம் கடல் மட்டத்திலேயே தொடங்குகின்றது. காற்றோ வியர்வையை உலர விடாத ஈரக் காற்று. ஏற எட்டு, இறங்க எட்டு என ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர் காட்டு வழி. வனத்துறையின் அனுமதி பெற்று, விடியலிலேயே வழிகாட்டியுடன் புறப்படுவது முறை. அந்தமானில் நம் கடிகாரமே செல்லுபடியாயினும், சூரியன் நமக்கு முன்னரே எழுந்து முன்னரே மறைந்துவிடுகின்றான். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருள் சூழத் தொடங்கும். நம்மூர்க் கணக்கில் "இன்னும் பொழுதிருக்கிறது" என்று சிகரத்தில் அமர்ந்து படம் பிடித்துக் கொண்டிருந்தால், இறங்கும்போது காட்டிலேயே இருட்டிவிடும். அருகிலுள்ள ராஸ், சுமித் தீவுகள் இரண்டையும் ஒரு மணல் திட்டு இணைக்கின்றது. ஏற்றத்தில் நீர் மூடும், வற்றத்தில் நடந்தே கடக்கலாம். காளிப்பூர்க் கடற்கரையில் ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன.

போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் பேரன் தீவு உள்ளது. தெற்காசியாவிலேயே உயிர்ப்புள்ள எரிமலை இது ஒன்றே. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து 1991 இல் விழித்துக்கொண்டது. அதன் பின்னரும் பலமுறை புகைந்திருக்கின்றது. கரையிறங்க அனுமதி இல்லை. உரிய அனுமதியுடன் செல்லும் கப்பலிலிருந்து காணலாம். பாராட்டாங் தீவில் "மண் எரிமலை" என்று ஒன்றைக் காட்டுவார்கள். பெயரை நம்பிப் பேராவலோடு போகின்றவர்கள் அங்கே காண்பது, நிலத்தடி வாயுவின் உந்துதலால் கொப்புளமிட்டுக் குழையும் சிறு சேற்றுக் குழிகளையே. அங்குள்ள சுண்ணாம்புக் குகைக்கு அலையாத்திக் காட்டு ஓடை வழியே படகில் செல்வது அழகானதுதான். எனினும் பாராட்டாங் செல்லும் பாதையைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வேறொருவர் வீட்டு வழியாக

அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவலுடன் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றனர். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் வீசக் கூடாது என்று அறிவுறுத்துகின்றனர். விதி நன்று. ஆனால் 2012 ஜனவரியில் வெளியான ஒரு காட்சிப்படம் நாட்டையே தலைகுனியச் செய்தது: ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் குரல் அதில் பதிவாகியிருந்தது. 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையில் செல்வதை இடைக்காலமாகத் தடுத்தது. சில வாரங்களில் அத்தடை விலக்கப்பட்டது. சட்டம் அனுமதிக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் குகை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சாலையோரத்தில் மனிதர் தென்படுவாரா என்று கண்ணாடி வழியே கழுத்தை நீட்டும் பயணத்தை நான் எவர்க்கும் பரிந்துரைக்க மாட்டேன். வடக்கே செல்ல விரும்புவோர், கப்பல் கிடைக்கும் நாளாயின் கடல்வழியே டிக்லிப்பூர் செல்லலாம்.

இதனினும் கடுமையான எல்லை ஒன்று உண்டு. வட சென்டினல் தீவு. 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அத்தீவை யாரும் அணுகலாகாது என்கின்றது. சுற்றியுள்ள ஐந்து கடல் மைல் நீரும் தடைக்குட்பட்டது. 2018 நவம்பரில் 26 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர், சமயப் பணி என்ற எண்ணத்தோடு மீனவர்க்குப் பணம் கொடுத்து அங்கே சென்று உயிரிழந்தார். 2025 மார்ச் இறுதியில் மற்றோர் அமெரிக்கர், ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பானக் குவளையையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். முன்னவரின் நோக்கத்தைச் சொல்லி அவர்க்காக வழக்காடுவோர் நம்மிடையே உண்டு என்பதால் வெளிப்படையாக எழுதுகிறேன். அத்தீவினர்க்கு நம் சளியும் தட்டம்மையும் புதியவை, எதிர்ப்பாற்றல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல ஆயிரம் பேராயிருந்த பெரு அந்தமானியர், வெளியார் வருகையாலும் 1877 இல் பரவிய தட்டம்மை முதலிய நோய்களாலும் அழிந்து, இன்று நூற்றுக்கும் குறைந்துவிட்டனர். வேண்டாம் என்று அம்பெய்து சொல்பவர் வாசலில் அழையாமல் நுழைவதற்கு எந்த நல்ல நோக்கமும் உரிமைச் சீட்டாகாது. நிக்கோபார் தீவுகளும் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தவை அல்ல. பழங்குடிப் பகுதிக்கான தனி அனுமதி வேண்டும். விடுமுறைக்கு வருவோர்க்கு அது கிடைப்பதில்லை.

காயலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

நிற்க. இலட்சத்தீவுக்கு வருவோம். இங்கே முதல் தடை கடலன்று, காகிதம். 1967 ஆம் ஆண்டின் நுழைவு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியக் குடிமகனும் அனுமதிச் சீட்டின்றிக் கால்வைக்க முடியாது. காவல்துறைச் சான்று, அடையாளச் சான்று, செல்லும் தீவின் பெயர், தங்குமிடம் ஆகியன வேண்டும். இதனைக் கண்டு சலித்துக்கொள்வோர் உண்டு. 32 சதுர கிலோமீட்டரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்தில், வருவோரை எண்ணிப் பார்த்து விடுவது எனக்கு நியாயமாகவே படுகின்றது.

காரணம் குடிநீர். ஆறும் ஏரியும் இல்லாத பவள மணலில் பெய்யும் மழை கீழே இறங்கி, உப்பு நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதே அது மிதப்பதற்குக் காரணம். கிணற்றில் அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். பின்னர் அக்கிணறு மீள நாளாகும். இத்துன்பத்தைப் போக்கவே சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2005 இல் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தனர். பவளத் திட்டின் வெளிச்சுவர் செங்குத்தாக இறங்குவதால், கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே சுமார் 350 மீட்டர் ஆழத்தின் குளிர்ந்த நீரை இறைக்க முடிகின்றது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்தக் குளிர்நீரால் மீண்டும் நீராக்குகின்றனர். நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் என்பது அதன் திட்ட அளவு. விடுதி அறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் விருந்தினர் இதை ஒருகணம் நினைக்க வேண்டும்.

கொச்சியிலிருந்து தீவுகள் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கப்பலில் சென்றால் தீவைப் பொறுத்துப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகும்; விமானத்தில் அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். கப்பலை நான் பரிந்துரைப்பேன். ஆனால் முதியோர் உடன் வந்தால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சில தீவுகளில் கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து அசையும் சிறு படகுக்குள் மாறி இறங்க வேண்டும். அலை சற்று எழுந்தாலும், முழங்கால் வலியுள்ளவர்க்கு அந்த ஓரடி இடைவெளி ஒரு சாடில் சிகரமே!

உள்ளே நுழைந்தபின் காயல். இலட்சத்தீவின் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கின்றது. வெளியே ஆழ்கடல் பொங்கிப் பவளச் சுவரில் மோதி வெண்ணுரையாக உடைகின்றது. உள்ளே இடுப்பளவு, மார்பளவு நீர் கண்ணாடி போல் கிடக்கின்றது. நீந்தத் தெரியாதவரும், பத்து வயதுச் சிறுமியும், உயிர்காப்புச் சட்டை அணிந்து, மூச்சுக்குழலைப் பற்களால் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவுடன் மற்றோர் உலகத்தைக் காணலாம். துடுப்புப் படகு, பாய்மரப் பலகை, கண்ணாடித் தளப் படகு எல்லாம் உண்டு. கத்மத்திலும் கவரத்தியிலும் ஆழ்முக்குளிப்புப் பயிற்சியும் உண்டு. கடலைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்குக் கடலைக் கற்றுக் கொடுக்க இதனினும் நல்ல பள்ளிக்கூடம் இந்தியாவில் இல்லை என்பது என் எண்ணம்.

மினிக்காய் தனியே நிற்கின்றது. ஒன்பது பாகை கால்வாய் என்னும் அகன்ற கடல் அதனை ஏனைய தீவுகளிலிருந்து பிரிக்கின்றது. மற்றத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வடிவம் பேசப்பட, இங்கே மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல் வழங்குகின்றது. 1885 இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் உண்டு. தூண்டிற்கழியால் சூரை மீனை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்துப் புகையிட்டு உலர்த்துவது இவர்களின் பழந்தொழில். நம் தென்கடலோர வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு இதுவே!

ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். இலட்சத்தீவில் மக்கள் ஏறத்தாழ அனைவரும் இசுலாமியர். நெடுங்காலமாக மதுவிலக்கு உள்ள தீவுகள். மக்கள் குடியிருப்பில்லாத பங்காரம் ஒன்றே விலக்காக இருந்து வந்தது. உடையிலும் நடையிலும் அடக்கம் எதிர்பார்க்கப்படுகின்றது. மாலையில் கடைத்தெரு, கேளிக்கை என்று தேடுவோர் இரண்டாம் நாளே அலுத்துப் போவர். அத்தகையோர் ஹேவ்லாக் செல்வதே இரு தரப்புக்கும் நலம்.

எந்த மாதம்?

இதுவே கடினமான மறுபாதி. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழை வருவதும் மே மாதத்தின் பிற்பாதியில். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடம் அது. இலட்சத்தீவிலும் மே நடுப்பகுதிக்குப் பின் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். செப்டம்பர் வரை சுற்றுலாக் கப்பல்களை நம்ப முடியாது. ஆகவே "பள்ளி மூடட்டும், மே கடைசியில் போவோம்" என்று திட்டமிடுவது இரண்டு தீவுகளுக்குமே பொருந்தாது. ஏப்ரல் இறுதியிலோ மே முதல் வாரத்திலோ சென்று திரும்பிவிட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பை ஒட்டிய அரையாண்டு விடுமுறையைப் பலர் விரும்புவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் அருகே உருவான தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டன. அதே புயல்தான் வார்தா என்ற பெயருடன் டிசம்பர் 12 அன்று சென்னை மரங்களைச் சாய்த்தது. அரபிக் கடலும் அப்பழுக்கற்றதன்று. 2017 இல் ஒக்கி குமரிக் கரையைச் சிதைத்துவிட்டு இலட்சத்தீவைத் தாக்கியதை நம் கடலோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் அகப்பட்ட நம் மீனவர் பலர் அத்தீவுகளில் கரையேறினர். தம் வீடுகளே சேதமுற்றிருந்த நிலையில் தீவு மக்கள் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்தனர்.

பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்புச் சேர்த்து ஜனவரி நடுவில் செல்வதும், பிப்ரவரி, மார்ச்சில் செல்வதும் இரு பகுதிகளுக்குமே தக்கவை. கடல் அடங்கியிருக்கும், நீர் தெளிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் பொங்கலையும், இல்லாதோர் பிப்ரவரியையும் கொள்வது நன்று. எந்த மாதமாயினும், தாயகம் திரும்பும் விமானத்துக்கு முன்னர் இரண்டு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். சிறு தீவிலிருந்து பெருந்தீவுக்கு வரும் படகு, காற்று கூடினால் புறப்படாது.

உடலும் படகும்

ஆழ்முக்குளிப்பைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கேட்கின்றனர். பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து கரையில் உள்ளதைப் போல் இருமடங்காகிவிடுகின்றது. அங்கே உருளையிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் அக்காற்று இருமடங்காக விரியும். ஆகையால் எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கலாகாது என்பது முதல் பாடம். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் விமானம் ஏறினால், குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். எனவே முக்குளித்தபின் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே விமானத்தில் ஏற வேண்டும். கடைசி நாள் காலையில் முக்குளித்து மாலையில் விமானம் ஏறும்படி திட்டம் வகுத்துத் தருவோர் இருப்பின், அவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதில் இறங்கலாகாது. சளி பிடித்திருந்தால் காது அடைத்துச் செவிப்பறை கிழியும். மருத்துவப் படிவத்தில் "இல்லை, இல்லை" என்று வரிசையாகக் குறியிட்டுவிட்டு இறங்குவது வீரமன்று.

அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவின் புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரை அருகே நீந்திய ஓர் அமெரிக்க இளம்பெண் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகையும் வலையும் உள்ள இடங்களில், வலைக்குள்ளேயே குளிக்க வேண்டும். அந்தி மயங்கிய பின் கழிமுகத்தருகே கால் நனைக்கவும் கூடாது. இலட்சத்தீவில் இந்த அச்சம் இல்லை. ஆனால் அங்கே பெரும் மருத்துவமனை இல்லை. நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும். இதய நோயாளிகளும் நிறைமாதத்தை நெருங்குவோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலையைக் காட்டிலும் நான் அதிகம் அஞ்சுவது படகையே. 2014 ஜனவரி 26 அன்று, குடியரசு நாளில், போர்ட் பிளேயர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். அதில் இருந்தவருள் மிகப் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா சென்ற நம் மக்கள். கரைக்கு வெகு அருகில், புயலில்லாத நாளில் அது நிகழ்ந்தது. படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தது என்பதே பின்னர் வெளிவந்த செய்தி. படகில் ஏறுமுன் அதன் பக்கவாட்டில் எழுதியுள்ள ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். உள்ளே இருப்போரை எண்ணுங்கள். ஒவ்வொருவர்க்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கின்றதா, பிள்ளைக்குப் பிள்ளை அளவில் இருக்கின்றதா என்று கேளுங்கள். "பக்கத்தில்தான், ஐந்து நிமிடம்" என்பார்கள். இறங்கிவிடுங்கள். குழுத்தலைவர் முகம் சுளிப்பார். கட்டிய பணம் போகும். அடுத்த படகு வரும்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்போர்க்கு: இருபதுகளில் உள்ள, நடக்கத் தயங்காத இளைஞர் குழுவாயின் அந்தமான், பத்து நாள் ஒதுக்கி, பாதியை வடக்கே டிக்லிப்பூரில் செலவிடட்டும். சிறு பிள்ளைகளும் நீந்தத் தெரியாத பெற்றோருமாயின் இலட்சத்தீவு. மூன்று தீவுகளை ஓடி ஓடிப் பார்ப்பதை விட ஒரே தீவில் ஐந்து நாள் தங்கட்டும். தாத்தா பாட்டியும் சேர்ந்து செல்வதாயின், கப்பல் மாறி இறங்கும் தொல்லையில்லாத போர்ட் பிளேயரும் ஹேவ்லாக்கும் போதும். துணிவுச் செயலைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே விடுமுறையில் முடிக்க நினைப்பது, பணத்தை விமானத்திலும் நாட்களைக் காத்திருப்பிலும் கரைக்கும் வழி.

எங்கே சென்றாலும் பவளத்தின் மீது கால் வைக்கலாகாது. அது கல்லன்று, உயிர். கடல்நீர் வழக்கத்தை விட ஓரிரு பாகை சூடேறி வாரக்கணக்கில் நின்றால், தனக்கு உணவூட்டும் நுண்பாசிகளை அது வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகின்றது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுக் கடலில் இவ்வாறு நேர்ந்தது. தப்பிப் பிழைத்த கிளைகள் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு மிதியில் முறிந்துவிடும். அந்தமானில் வண்டூர் அருகே ஜாலி பாய் தீவுக்குச் செல்வோரிடம், பிளாஸ்டிக் பை, குப்பி எதுவும் உள்ளே போகாதபடி கரையிலேயே சோதித்து வாங்கி வைத்துக்கொள்கின்றனர்; தண்ணீர்க் குப்பிக்கு முன்பணம் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். மணலில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் வீட்டு அலமாரிக்கென்று பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வர். பவளமும் சங்கினங்கள் பலவும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. போர்ட் பிளேயர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அவை அகப்படும். கரையை விட்டுப் புறப்படுமுன் பிள்ளைகளின் பைகளைப் பெற்றோரே ஒருமுறை உதறிப் பார்த்துவிடுவது நல்லது.